பதினாறு கடைக்கால் குழிகள், ஒன்றில் தாழி

போன வாரம் பிளிந்த் பீம், அதாவது கடைக்காலுக்கு மேல் சுவரைத் தாங்கும் பீம், கான்கிரீட் போட்டாகிவிட்டது. செப்டிக் டேங்க் குழி வரைக்கும் இனி மண்ணோடு எனக்கு வேலையில்லை. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். வீட்டுக்குக் குழி தோண்டும்போது பக்கத்தில் நின்று, பழைய பொருள் ஏதும் வருகிறதா என்று மண்ணைக் கவனிப்பது தனி வேலை. அது எனக்குப் புரிவதற்குள் ஆறு குழிகளும் ஐந்து டிராக்டர் மண்ணும் போய்விட்டன.

மனை காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்கும் இடையில், ஊரை ஒட்டினாற்போல் இருக்கிறது. 40க்கு 60. ஐயா காலத்தில் அதில் மாட்டுக்கொட்டகை இருந்தது. அப்புறம் அது இடிந்து, கருவேலம் மண்டிக் கிடந்தது. சுற்றிலும் செம்மண், அதன் கீழே சரளை, இன்னும் கீழே போனால் செம்பூரான் பாறை. தரை நல்ல கெட்டி என்று இன்ஜினியர் சந்தோஷப்பட்டார். பதினாறு பில்லர், நாலுக்கு நாலு அடியில் குழி, ஐந்து அடி ஆழம் என்று வரைபடம் கொடுத்தார். குழிகளுக்கு ஏ1 முதல் டி4 வரை பெயர் போட்டிருந்தார். அந்தப் பெயர்கள் பின்னால் எனக்கு எவ்வளவு உதவப்போகின்றன என்று அப்போது தெரியாது.

ஆவணியில் வாஸ்து நாள் பார்த்துப் பூசை போட்டோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜேசிபி வந்தது. மத்தியானத்துக்குள் ஆறு குழிகள். வெளியே எடுத்த மண்ணில் ஐந்து டிராக்டரை எதிர்வீட்டு ஆச்சியின் பின்கட்டுக்கு அனுப்பினேன். அங்கே பள்ளமாக இருக்கும், மழைக்குத் தண்ணீர் நிற்கும். மண் அவர்களுக்கு ஆச்சு, வண்டி வாடகை எனக்கு மிச்சம்.

சாயங்காலம் ஆச்சியே வந்துவிட்டார்கள்.

“என்னப்பா, மண்ணுன்னு சொல்லிப் பானைச் சில்லாக் கொட்டிட்டுப் போயிட்டிய. வேலைக்காரப் பிள்ளை கால்ல குத்தி ரத்தம் வந்துருச்சு.”

கையில் ஒரு ஓட்டாஞ்சில்லு. உள்ளங்கையில் பாதி இருக்கும். வெளிப்பக்கம் சிவப்பு, உட்பக்கம் நல்ல கறுப்பு. விரலால் தேய்த்தால் வழவழவென்று, பழைய தோசைக்கல் மாதிரி. போன கோடை விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு கீழடி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். 2023 மார்ச்சில் திறந்த கட்டடம், நம் செட்டிநாட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். நான் அங்கே தூணையும் தரையையும் பார்த்துக்கொண்டு நிற்க, மகள்தான் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தாள். “பானையைக் கவுத்து வச்சுச் சுடுவாங்களாம்ப்பா, உள்ளே காத்துப் போகாததால கறுப்பாயிருமாம்” என்று காரில் வரும்போது சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பழங்காலக் கறுப்பு சிவப்புப் பானையோடுதான் இது.

ஜேசிபியை மறுநாள் வரவேண்டாம் என்றேன். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

முதலில் ஆச்சி வீட்டுக்குப் போன மண்ணைத் திரும்பப் பார்க்க நினைத்தேன். மணல் சலிக்கும் சல்லடையையும் இரண்டு ஆட்களையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஒரு டிராக்டர் மண்ணைச் சலித்தோம். 212 ஓடுகள். எண்ணிக்கை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று எதுவும் தெரியாது. ஆறு குழி மண்ணும் வண்டியிலேயே கலந்துவிட்டது. 212ஐயும் ஒரே சாக்கில் போட்டு ‘இடம் தெரியாது’ என்று எழுதிக் கட்டினேன். மிச்சம் நாலு டிராக்டரை ஏற்கெனவே நிரவி மிதித்துவிட்டார்கள். அதைத் தொடவில்லை.

மச்சான் இங்கிலாந்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் அளவுக் கணக்குப் பார்க்கிறார். ராத்திரி அவரிடம் போனில் சொன்னேன். அங்கே பழைய இடம் என்று சந்தேகம் இருந்தால், வீடு கட்டும் அனுமதியிலேயே நிபந்தனை போட்டுவிடுவார்களாம். தொல்லியல் படித்தவர் ஒருவர் குழி தோண்டும்போது கூடவே நிற்க வேண்டும். வாட்சிங் பிரீஃப் என்று பெயர், செலவு வீட்டுக்காரர் தலையில். இங்கே மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி உண்டு. என் மனைக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. அதனால் யாரும் வந்து நிற்கப்போவதில்லை, நான்தான் நிற்க வேண்டும்.

அவர் சொன்னதில் உருப்படியானது பக்கெட் விஷயம். “அங்கே கண்காணிப்பு இருந்தா பல்லு வச்ச பக்கெட்டை விடமாட்டாங்க. தட்டையான வாய் உள்ளதை மாட்டிச் சுரண்டிச் சுரண்டித்தான் எடுப்பாங்க. பல்லு மண்ணைக் கிளறிரும், கீழே என்ன இருக்குன்னு தெரியாது.”

நம் ஊர் ஜேசிபியில் பின்பக்கக் கைக்கு இருப்பது பல் பக்கெட்தான். ஆபரேட்டர் தம்பியிடம் கேட்டேன். “பல்லு மேல பட்டை அடிச்சுக்கலாம் சார், ஊருணி வண்டல் எடுக்கிறப்போ செஞ்சிருக்கோம்” என்றான். பட்டறையில் நாலு அங்குல அகலம், பத்து மில்லி கனத்தில் பழைய இரும்புப் பட்டை இரண்டடிக்குக் கிடைத்தது. பல் வரிசையின் குறுக்கே வைத்து நாலு இடத்தில் வெல்டிங். எல்லாம் சேர்த்து 900 ரூபாய். மொத்தச் செலவில் இதைவிடப் பிரயோசனமான 900 வேறில்லை. இரும்பு பல்லாக இருந்தபோது குழியின் அடி உழுத வயல் மாதிரி இருந்தது. பட்டை அடித்த பிறகு மெழுகிய தரை மாதிரி வந்தது. மெழுகிய தரையில்தான் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

நாலாம் நாள் மறுபடி தொடங்கினோம். என் ஏற்பாடு இதுதான்: ஒரு தடவைக்கு அரை அடிக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுத்ததைக் குழிக்குப் பக்கத்திலேயே தனிக் குவியலாகப் போட வேண்டும், அதில் குழியின் பெயர் எழுதிய குச்சி. பக்கெட் மேலே போனதும் நான் குனிந்து பார்த்து, கொத்துக் கரண்டியால் லேசாகச் சீவி, கை காட்டிய பிறகுதான் அடுத்த சுரண்டல். கிடைத்த ஓடுகள் ஜிப் கவரில். கவர் மேல் குழி, ஆழம், தேதி. ஒரு நோட்டில் அதையே மறுபடி எழுதினேன். மார்க்கர் எழுத்து வெயிலில் வெளுத்துப்போகும் என்று ஒரு சந்தேகம். இரண்டு கவரில் அப்படித்தான் ஆனது.

பாதை தவறியது ஆழம் அளப்பதில். பி3 குழியில் முதல் கறுப்பு சிவப்பு ஓடு தரையிலிருந்து 2 அடி 2 அங்குலத்தில் வந்தது. சி1இல் 2 அடி 9 அங்குலம். ஒழுங்கே இல்லை, மண் எல்லாம் புரண்டு கிடக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டேன். மேஸ்திரிதான் சிரித்தார். “மனை தெருப்பக்கத்திலேர்ந்து பின்னால சரியுதுண்ணே, நீங்க தரையிலேர்ந்து அளந்தா எப்படி?”

அவர் லெவல் டியூபை எடுத்தார். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், எல்லாக் கொத்தனாரிடமும் இருப்பதுதான். பக்கத்து மதில் சுவரின் மூலையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டோம். அதுதான் சைபர். டியூபை வைத்து ஒவ்வொரு குழியின் தரையும் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே என்று பார்த்தோம். பி3 ஓர் அடி 2 அங்குலம், சி1 ஏழு அங்குலம். கூட்டிப் பார்த்தால் இரண்டு ஓடுமே கோட்டிலிருந்து 3 அடி 4 அங்குலத்தில்! மண் புரளவே இல்லை. மேல் தரைதான் சரிவு, அடியில் பழைய தரை மட்டமாகக் கிடக்கிறது. நோட்டில் எழுதியதை அடிக்காமல், பக்கத்தில் ‘தப்பு, பார்க்க அடுத்த பக்கம்’ என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு எல்லாக் குழியும் ஒரே கதையைச் சொன்னது. கோட்டிலிருந்து 2 அடி வரை மாட்டுக்கொட்டகை: சுண்ணாம்புக் காரை, நாட்டு ஓடு, விளிம்பு உதிர்ந்த எனாமல் தட்டு, ஒரு லாடம். ஒரு புதுக்கோட்டை அம்மன் காசும் கிடைத்தது. ஒருபக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. சமஸ்தானத்தின் செப்புக்காசு, எங்கள் அப்பத்தா சுருக்குப்பையில்கூட இரண்டு வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே ஒன்றேகால் அடிக்கு வெறும் செம்மண், ஒரு சில்லுகூட இல்லை. 3 அடி 4 அங்குலத்தில் சரளை கலந்த மண் தொடங்கும், ஓடுகளும் தொடங்கும். கூடவே கனமான, துளைதுளையான கருப்புக் கட்டிகள். கரி என்று நினைத்துத் தூர எறிந்துகொண்டிருந்தேன். காந்தம் ஒட்டியது. இரும்பு உருக்கிய கசடு என்று பிறகுதான் தெரிந்தது. எறிந்ததில் பாதியைத் தேடி எடுத்தேன்.

மறுபடி தொடங்கியதில் சி3 ஐந்தாவது குழி, காலை பதினொன்றரை இருக்கும். பக்கெட் சுரண்டிக்கொண்டு வரும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம். கல்லில் பட்டால் ‘கிரீச்’ என்றுதான் கேட்கும், இது உள்ளே காலியாக இருப்பதைத் தட்டிய மாதிரி இருந்தது. நான் கை காட்டுவதற்கு முன்பே தம்பி பக்கெட்டைத் தூக்கிவிட்டான். மெழுகிய தரையில் மூன்றாம் பிறை மாதிரி ஒரு சிவப்புக் கோடு. கொத்துக் கரண்டியை வைத்துவிட்டு ஈர்க்குமாற்றில் கொஞ்சம் ஒடித்து, அதால் தள்ளத் தள்ளப் பிறை வளர்ந்து அரை வட்டம் ஆனது. கனமான விளிம்பு. அதற்குக் கீழே, கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் ஒரு பட்டை. பட்டையில் வரிசையாகக் குழிகள். என் கட்டைவிரலை ஒரு குழியில் வைத்துப் பார்த்தேன். பாதி விரல்தான் போனது. அழுத்தியவர் கை என் கையைவிடச் சின்னது.

“மதமதக்கத் தாழிண்ணே” என்றார் மேஸ்திரி. முதுமக்கள் தாழியைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள். சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களை உள்ளே வைத்து, விளக்கேற்றி, சோறும் வைத்துப் புதைப்பார்கள் என்று அவர் தாத்தா சொன்னதாகச் சொன்னார். என் அப்பத்தாவும் அதையேதான் சொல்வார்கள். சித்தாள் ஒருவர் சோறு என்றதைத் தங்கம் என்று கேட்டுக்கொண்டாரோ என்னவோ, சாயங்காலத்துக்குள் ஊரே வேலியோரம் நின்றது.

அங்கே வேலையை நிறுத்தினேன். கடைக்கால் தோண்டும்போது கண்ணில் படுவது வேறு, தாழிக்காகத் தோண்டுவது வேறு. பின்னது அகழாய்வு, அதற்கு அரசு அனுமதி வேண்டும். அப்புறம் 1878ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்: என்ன பொருள், எங்கே, என்றைக்கு. அந்தப் பத்து ரூபாயை இதுவரை யாரும் உயர்த்தவில்லை. ஒரு பக்கத்தில் மனு எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகக் கொடுத்தேன். மனுவோடு போன ஓர் அலுவலகத்தில் இது எங்களுடையது இல்லை என்றார்கள். அவர்கள் காட்டிய இடத்தில், அங்கேதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது இடத்தில் சீல் விழுந்தது. சீல் போட்ட நகலை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

அன்று ராத்திரி நான் செய்த தப்புதான் இந்த வேலையிலேயே பெரிய தப்பு. குழியின் மேல் தார்ப்பாயை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டு வந்தேன். படுதா விரித்த மாதிரி தட்டையாக. ஒரு மணிக்கு மழை பிடித்தது. தார்ப்பாய் நடுவில் தண்ணீர் தேங்கி, செங்கல்களை இழுத்துக்கொண்டு மொத்தமாகத் தாழியின் வாய் மேல் விழுந்திருக்கிறது. எத்தனையோ நூற்றாண்டு மண் பாரத்தைத் தாங்கிய விளிம்பு, என் தார்ப்பாயில் மூன்று துண்டாக உடைந்தது. விடிந்ததும் பிளாஸ்டிக் குவளையால் தண்ணீரை மொண்டு கொட்டினேன். அப்போதே புத்தி வந்து, நாலு மூங்கில் வாங்கி, நடுவில் முகடு கட்டி, இரண்டு பக்கமும் சரிவாகத் தார்ப்பாய் போட்டு, குழியைச் சுற்றி ஒரு முழம் உயரத்துக்கு வரப்பு பிடித்தோம். அடுத்த இரண்டு மழைக்குச் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. இதை முதல் நாளே செய்ய 480 ரூபாய் மூங்கிலும் ஒரு மணி நேரமும்தான் ஆகியிருக்கும்.

காத்திருந்த நாட்களில் சும்மா இருக்க முடியவில்லை. நாற்பது ஓடுகளைத் துணி சோப்புத் தூளில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். போகாததற்கு வயர் பிரஷ். பளபளவென்று வந்தது, வரிசையாக அடுக்கிப் படமும் எடுத்தேன். ஒன்றில் குறுக்காக மூன்று கீறல்கள். பழைய பானைகளில் கீறிவைக்கும் குறியீடு! மகள் உடனே நோட்டில் வரைந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் தொல்லியல் அலுவலர் இரண்டு ஆட்களோடு வந்தார். முதலில் அந்தக் கீறல் ஓட்டைத்தான் காட்டினேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். “மூணு கோட்டுல ரெண்டு போன வாரத்துக் கோடு சார்” என்றார். பழைய கீறலுக்குள் மண்ணும் சுண்ணாம்பும் படிந்திருக்குமாம். வயர் பிரஷ் போட்ட கீறல் உள்ளே வெளிறிச் சுத்தமாக இருக்கும். பாத்திரத்தின் உட்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால், அதில் ஒட்டியிருந்தது என்ன என்று சோதனை செய்யவும் வழியில்லாமல் போகும் என்றார். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தாழிக்குள் கிடைத்த எலும்புகளை மரபணுச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் எலும்பு தெரிந்தால் வெறுங்கையால் தொடவே கூடாது என்று சொல்லி எல்லோருக்கும் கையுறை கொடுத்தார். கழுவாத கவர்களையும் நோட்டையும் ஒரு மணி நேரம் பார்த்தார். ‘தப்பு, பார்க்க அடுத்த பக்கம்’ அவருக்குப் பிடித்திருந்தது. அடி, அங்குலம்தான் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் சென்டிமீட்டருக்கு மாற்றி எழுதிக்கொடுத்தேன்.

மூன்று நாள் வேலை செய்தார்கள். தாழிக்குள் இருந்த மண்ணைப் பத்துப் பத்து சென்டிமீட்டராக எடுத்து, ஒவ்வொன்றையும் தனியாகச் சலித்தார்கள். வாய் 68 செ.மீ. அகலம், விளிம்பு 3.4 செ.மீ. கனம், உயரம் 89 செ.மீ. உள்ளே இரண்டு கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள், பானையை உட்கார வைக்கும் ஒரு பிரிமனை, துருவேறிக் கத்தி போலிருந்த இரும்புத் துண்டு, அடியில் எலும்புச் சில்லுகள். தங்கம் இல்லை என்று தெரிந்ததும் வேலியோரக் கூட்டம் இரண்டாம் நாளே கலைந்துவிட்டது. இரும்புக் காலத்துப் புதைப்பு என்றார் அலுவலர். காலத்தைப் பற்றி அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி, பொருள்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மன் காசும் போனது.

குழியின் கிழக்குச் சுவரில் இன்னொரு விளிம்பு தெரிந்தது. வீட்டுக்குத் தேவையில்லை என்றால் அது மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும், அதுதான் அதற்குப் பத்திரம் என்றார்கள். பில்லருக்கு அடியில் போடும் கான்கிரீட்டுக்குப் பூட்டிங் என்று பெயர். அது கிழக்கே போகாமல் இன்ஜினியர் சி2, சி3 இரண்டையும் ஒரே நீளப் பூட்டிங்காகச் சேர்த்து வரைந்தார். தாழி இருந்த பள்ளம் பூட்டிங் மட்டத்துக்கும் கீழே முக்கால் அடி போயிருந்தது. அதைத் தளர்ந்த மண்ணால் மூடக் கூடாது என்று சல்லிக் கான்கிரீட்டால் நிரப்பினோம். கிழக்குச் சுவரில் தெரிந்த விளிம்புக்குமேல் நைலான் வலை விரித்து, வெள்ளை மணல் அணைத்து, அப்புறம் செம்மண் போட்டேன். நாளைக்கு யாராவது தோண்டினால், செம்மண்ணுக்கு நடுவில் வெள்ளை மணல் வந்ததும் நிறுத்துவார்கள்.

கணக்கு: ஜேசிபி மணிக்கு 1,300, மெதுவாகத் தோண்டியதில் கூடுதல் ஆறு மணி நேரம், 7,800. பட்டை 900, சல்லடை 650, தார்ப்பாய் 1,150, மூங்கில் 480. சலித்த ஆட்களுக்கு 3,900. கவர், மார்க்கர், நோட்டு 620. வரைபடம் மாற்ற 3,000, சேர்ந்த பூட்டிங்கின் கூடுதல் கம்பியும் கான்கிரீட்டும் 16,800. மொத்தம் 35,300. வேலை நின்ற நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை, மேஸ்திரி சேர்த்திருப்பார்.

செப்டிக் டேங்க் குழிக்கு என்ன மாற்றப்போகிறேன் என்றால், முதல் நாளே மதில் சிவப்புக் கோட்டிலிருந்துதான் அளவு, அதுவும் சென்டிமீட்டரில். குழி மூடும் வரை ஒரு கூடை மண்கூட மனையை விட்டு வெளியே போகாது. வயர் பிரஷ்ஷை மேஸ்திரியிடமே கொடுத்துவிட்டேன், கம்பித் துரு எடுக்க. பட்டை அடித்த பக்கெட்டை ஆபரேட்டர் தம்பி இன்னும் பிரிக்கவில்லை, ஊருணி வேலைக்கு வைத்திருக்கிறான்.

ஆச்சியின் பின்கட்டில் நாலு டிராக்டர் மண் அப்படியே இருக்கிறது. ஐப்பசி மழை மேல்மண்ணை அரிக்க அரிக்கச் சில்லுகள் தலைகாட்டுகின்றன. ஆச்சி அவற்றைப் பொறுக்கித் தூக்குவாளியில் போட்டு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கழுவுவதில்லை. நேற்றோடு 61.